மலை வேட்டைக்கு இலகு ரைபிள்: 7 மி.மீ-08, .308, 6.5 கிரீட்மோர் – எதை எடுப்பது?

கொழும்பிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலருக்கு மெல்பேர்ணிலோ ஓக்லாந்திலோ ஒரு தம்பியோ மச்சானோ இருக்கிறார். அவர் அங்கே உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர். இவர் விடுமுறைக்குப் போகும்போது இருவருமாக மலையேற எண்ணம். காசு சேர்த்து ஒரு ரைபிள் வாங்கலாமா என்று பேச்சு. அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்தே இந்த ஒப்பீடு. தலைப்பில் உள்ளவை தோட்டா வகைகளின் பெயர்கள்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இலங்கையில் மரையும் மானும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் இருப்பவை. துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே வாங்கும் துவக்கு அங்கேயே, உரிமம் உள்ளவரின் பெயரில், அவருடைய இரும்புப் பெட்டகத்தில் இருக்கட்டும். கட்டுநாயக்கா வழியாகக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம். நியூசிலாந்தில் உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று, எந்த நேரமும் துவக்கைத் தன் கைக்கு எடுக்கக்கூடியதாக இருந்தால், உரிமம் இல்லாதவரும் சாதாரண வேட்டை ரைபிளால் சுடச் சட்டம் இடம் தருகிறது. இருவருக்கு ஒரு துவக்கு என்பது அங்கே சிக்கனம் மட்டுமல்ல, பொருத்தமான ஏற்பாடும்தான். விக்டோரியாவில் சுடுகலன் உரிமம் வேறு, மான் வேட்டைக்கான உரிமம் வேறு. இரண்டையும் பயணத்துக்குப் பல வாரம் முன்பே ஒழுங்கு செய்ய வேண்டும்.

என்ன விலங்கு, எவ்வளவு தூரம்

விக்டோரியாவின் மலைக்காடுகளில் இன்று திரியும் மரைகள், 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோய் விடப்பட்டவற்றின் வழிவந்தவை. ஹோட்டன் சமவெளியில் நாம் பார்க்கும் அதே இனம். கிடா 200 கிலோவைத் தாண்டும். தோள் எலும்பு தடிப்பு, தோலும் தடிப்பு. அடர்ந்த பற்றைக்குள் 50 முதல் 150 மீற்றருக்குள்தான் பெரும்பாலும் வெடி வைக்க வாய்ப்புக் கிடைக்கும்.

நியூசிலாந்தின் தென்தீவு இதற்கு நேர்மாறு. அங்கே வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் சொந்தப் பாலூட்டிகள் கிடையாது. செம்மான் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. இமயத் தார் ஆடு 1904இல், சாமுவா ஆடு 1907இல். தின்று பெருகி மலைத் தாவரங்களை அழிப்பதால் இவற்றைச் சுடுவதை அரசே ஊக்குவிக்கிறது. நீலகிரி வரையாட்டைப் பார்த்தவருக்குத் தாரின் நடமாட்டம் பழக்கமானதாகத் தெரியும்: செங்குத்துப் பாறையில்தான் குடியிருப்பு. சாமுவா 25 முதல் 45 கிலோ. தார்க் கிடா அதன் இரண்டு மடங்குக்கு மேல். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் சுட வேண்டியிருப்பதால் 200, 300 மீற்றர் சாதாரணம்.

ஒரே துவக்கு இந்த இரண்டு வேலைக்கும் சரிவர வேண்டும் என்பதுதான் தெரிவைக் கடினமாக்குகிறது.

எடை: எதை நிறுக்கிறீர்கள்?

விபரக்குறிப்பில் அச்சிட்டிருப்பது வெறும் துவக்கின் எடை. தோளில் தொங்குவது அதுவல்ல. 40 மி.மீ முன்வில்லை உள்ள 3-9 ஸ்கோப் ஏறத்தாழ 350 கிராம். வளையங்களும் அடித்தட்டும் 100 கிராம், தோள்வார் 100 கிராம். .308 தோட்டா ஒன்று 24 கிராம் அளவில் வரும்; நான்கு போட்டால் இன்னொரு 100 கிராம். ஆக 650 கிராம் எந்தத் துவக்கிலும் ஏறிவிடும்.

டிக்கா டீ3எக்ஸ் லைட் என்ற ரைபிள் வெறுமையாக 2.9 கிலோ, தயாரானதும் 3.55 கிலோ. கிம்பர் மவுண்டன் அசென்ட் வெறுமையாக 2.2 கிலோ, தயாரானதும் 2.85 கிலோ. இரண்டுக்கும் இடையிலான 700 கிராமுக்காகத்தான் கிம்பர் வாங்குபவர் டிக்காவின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறார்.

எட்டு மணித்தியாலம் ஏறினால் 700 கிராம் கட்டாயம் தெரியும். ஆனால் அது மூன்று இடத்தில் திருப்பி வாங்கப்படும். ஒன்று உதை. இரண்டாவது, ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு குறி பார்க்கும்போது இலேசான துவக்கு நாடித்துடிப்புக்கெல்லாம் ஆடும். பாரம் இருந்தால் அந்த ஆட்டத்தை அதுவே விழுங்கிக்கொள்ளும். மூன்றாவது விசை. 2.2 கிலோ துவக்குக்கு 2.5 கிலோ இழுவை உள்ள விசை இருந்தால், விரல் இழுப்பது துவக்கின் எடையை விட அதிகம். வெடி வலப்பக்கமோ கீழோ இழுபட்டுப் போகும். இலகு ரைபிளின் விசை 1.2 முதல் 1.5 கிலோவுக்குள் சுத்தமாக விடுபட வேண்டும். கடையிலேயே விசைத் தராசு வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

உதையை எண்ணில் பார்த்தால்

துவக்கின் உதை, வெளியேறும் சன்னத்தின் (குண்டின்) உந்தத்தோடு எரிந்த மருந்தின் வாயு உந்தத்தைச் சேர்த்துக் கணக்கிடப்படுவது. தொழிற்சாலைத் தோட்டாக்களை வைத்துக் கணக்குப் பார்த்தால், 3.5 கிலோ துவக்கில் .243 வின்செஸ்டர் ஏறத்தாழ 15 ஜூல், 6.5 கிரீட்மோர் 18, 7 மி.மீ-08 ரெமிங்டன் 20; .308 வின்செஸ்டர் 23; .270 வின்செஸ்டர் 28; .300 வின்செஸ்டர் மெக்னம் 45ஐத் தொடும். இதே தோட்டாக்களை 2.85 கிலோ துவக்கில் போட்டால் வரிசையாக 18, 22, 25, 28, 34, 55 ஜூல்.

இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரமான துவக்கில் .308 அடிப்பதை விட, இலகுவானதில் 7 மி.மீ-08 கூடுதலாக அடிக்கிறது. எடையைக் குறைத்ததில் கிடைத்த சுகத்தை, ஒரு படி சிறிய தோட்டாவுக்கு இறங்கினாலும் தோள் திருப்பிக் கொடுக்கிறது. வருடத்தில் இரண்டு கிழமை மட்டும் சுடப்போகும் ஒருவருக்கு 20 ஜூலைத் தாண்டியதும் கண் மூடும் பழக்கம், விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் எல்லாம் மெல்ல வரும். 30ஐத் தாண்டினால் நிச்சயம் வரும். .300 மெக்னத்தை இலகு ரைபிளில் போடுவது, எங்கள் பார்வையில், காசு கொடுத்துக் குறி தவறப் பழகுவது.

சைலன்சர் இந்தக் கணக்கை மாற்றும். நியூசிலாந்தில் அது சட்டப்படியானது, பரவலாகப் பாவனையில் உள்ளது. உதையில் மூன்றில் ஒரு பங்களவு குறையும், காதும் தப்பும். ஆனால் 300 முதல் 500 கிராம் குழலின் நுனியில் ஏறும். நீளமும் கூடுவதால் 20 அங்குலக் குழலோடு வாங்குவதே உசிதம். குழல் ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் செக்கனுக்கு 6 முதல் 9 மீற்றர் வரைதான் போகும். வேட்டைத் தூரத்தில் அது பெரிய இழப்பல்ல. அவுஸ்திரேலியாவில் சாதாரண வேட்டைக்காரருக்குச் சைலன்சர் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே உதையை முழுதாகவே வாங்கத் தயாராக இருக்க வேண்டும். கிம்பர் மவுண்டன் அசென்ட் மசில் பிரேக்கோடு (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் குழல்நுனித் துண்டு) வருகிறது. உதை குறையும், ஆனால் பக்கத்தில் நிற்பவரின் காது கிழியும். காதுக் கவசம் இல்லாமல் அதைச் சுடவே கூடாது.

தோட்டாக்கள்

.308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. .243 (1955), 7 மி.மீ-08 (1980) இரண்டும் அதன் கோதின் (மருந்து அடைத்த பித்தளைக் கூடு) கழுத்தை ஒடுக்கிச் செய்தவை. ஒரே தாய்க்கோது என்பதால் துவக்கின் நீளம், எடை, மகசீன் (தோட்டாப் பெட்டி) எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது சன்னமும் உதையும்தான். 6.5 கிரீட்மோர் 2007இல் ஹோர்னடி நிறுவனம் நீண்டதூர இலக்குப் போட்டிக்கென உருவாக்கியது. பிறகு வேட்டைக்கும் வந்தது.

6.5 கிரீட்மோரைப் பற்றிய புகழ் தூரத்தை வைத்தே எழுந்தது. அந்தத் தூரம் வேட்டையில் வருமா என்று பார்க்க வேண்டும். 200 மீற்றரில் சரிபார்த்த துவக்கு 300 மீற்றரில் எவ்வளவு கீழே அடிக்கும் என்றால், 150 கிரெயின் (சன்ன எடையின் அலகு) .308உம் 143 கிரெயின் 6.5உம் இரண்டுமே கால் மீற்றருக்குக் கிட்டத்தான். வித்தியாசம் விரற்கடைகளில். மணிக்கு 16 கிலோமீற்றர் குறுக்குக்காற்றில் 6.5 கொஞ்சம் முந்துகிறது: .308 ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் ஒதுங்கினால் இது 14. சாமுவாவின் நெஞ்சுக்கூடு சிறியதென்பதால் அந்த 6 சென்ரிமீற்றர் வீண் அல்ல. 400 மீற்றருக்கு அப்பால்தான் 6.5 உண்மையாகவே விலகி ஓடுகிறது. விடுமுறைக்கு வந்து சுடுபவர் அந்தத் தூரத்தில் விலங்கின் மேல் வெடி வைக்கக் கூடாது. காயப்பட்ட தார் இறங்க முடியாத பாறையில் போய்ச் சாகும்.

மரை என்று வந்தால் 6.5க்கு வேறொரு தடை இருந்தது. விக்டோரியாவின் 2012ஆம் ஆண்டு வேட்டை விதிகள் மரைக்கும் செம்மானுக்கும் ஆகக் குறைந்தது .270 அங்குலக் கலிபரும் (விட்டம், 6.85 மி.மீ) 130 கிரெயின் சன்னமும் கேட்டன. 6.5 தோட்டாவின் சன்னம் 6.7 மி.மீ. ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னத்தில் அது அந்த விதிக்கு வெளியே நின்றது; .243 இன்னும் தூரத்தில். 7.2 மி.மீ சன்னமும் 140 கிரெயினும் உள்ள 7 மி.மீ-08 உள்ளே வந்தது. இந்த விதிகள் இடைக்கிடை புதுப்பிக்கப்படும்; துவக்கு வாங்க முன்னர் அந்த ஆண்டின் விதியை மாநில வேட்டை அதிகாரசபையின் பக்கத்தில் பார்த்தே முடிவெடுங்கள்.

.243 நல்ல தோட்டா, சாமுவாவுக்கும் சிறு மான்களுக்கும். இரு வேலைக்கான துவக்கில் அதற்கு இடமில்லை. .270 பழையது, 1925இல் வந்தது; மரைக்கும் தாருக்கும் போதும். ஆனால் நீண்ட கோது. கிம்பரில் நீளமான உடல் வேண்டும், உதையும் .308ஐத் தாண்டுகிறது.

மிஞ்சுவது 7 மி.மீ-08உம் .308உம். எங்கள் தெரிவு 7 மி.மீ-08. 140 கிரெயின் சன்னம் செக்கனுக்கு 850 மீற்றர் அளவில் புறப்படுகிறது; .308ஐ விட உதை குறைவு, காற்றில் கொஞ்சம் நேராகப் போகிறது, மரையின் தோளுக்கும் போதிய பாரம். நியூசிலாந்தில் இதற்கு நல்ல வரவேற்பு உண்டு, தோட்டா கிடைப்பது சிரமமில்லை. .308ஐத் தெரிவதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு: சின்ன ஊர்க் கடையிலும் அது இருக்கும், மலிவான பயிற்சித் தோட்டாவும் கிடைக்கும். தம்பி வருடம் முழுக்கச் சுடுபவராக, உதைக்குப் பழகிய தோளோடு இருப்பவராக இருந்தால் .308 எடுத்தாலும் குறை சொல்ல மாட்டோம்.

சன்னத்தின் கட்டமைப்பில் கவனம் தேவை. கிட்டத்தில் முழு வேகத்தோடு தடித்த தோள் எலும்பில் மோதும் சாதாரண ஈயச் சன்னம் உடைந்து சிதறும். மேற்காயம் பெரிதாக இருக்கும், உள்ளே போகாது, மரை ஓடிவிடும். ஈயத்தையும் செப்புறையையும் ஒட்டவைத்த சன்னமோ, முழுச் செப்புச் சன்னமோ மரைக்கு வேண்டும். முழுச் செப்புக்கு ஒரு குறை: வேகம் செக்கனுக்கு 600 மீற்றருக்குக் கிட்ட இறங்கிவிட்டால் சரியாக விரியாது, ஊசிபோல் துளைத்துப் போய்விடும். ஆகவே தூரத்துத் தாருக்கும் கிட்டத்து மரைக்கும் ஒட்டவைத்த சன்னமே பொருந்தும்.

துவக்குகள்

டிக்கா பின்லாந்துத் தயாரிப்பு. போல்ட் (தோட்டாவை ஏற்றி அடைக்கும் தண்டு) வழுக்கிக்கொண்டு ஓடும், விசையைத் தேவைக்கேற்ப இறக்கலாம், பெட்டியிலிருந்து எடுத்தபடியே நன்றாகக் குறி பிடிக்கும். எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே நீள உடலைத்தான் டிக்கா போடுகிறது. ஆகவே அதில் குறுந்தோட்டா எடுத்ததற்காக எடை குறையாது. அதன் பிடங்கு (குழலைத் தாங்கித் தோளில் பொருந்தும் பகுதி) பிளாஸ்டிக்.  மகசீன் கழன்று விழக்கூடியது, விலையும் கூட. ஒன்று மேலதிகமாக வாங்கிப் பையில் வையுங்கள்.

ரூகர் அமெரிக்கன் 2.8 கிலோ, விலையில் மூன்றிலும் குறைவு. குறி பிடிப்பதில் விலைக்கு மேலாகவே உழைக்கும். போல்ட் சொரசொரப்பு. முன்பிடங்கு மெலிது, இருகால் தாங்கியில் அழுத்திச் சுட்டால் வளைந்து குழலில் முட்டும்.

கிம்பர் பழகிய கைக்கு உரியது. மெல்லிய குழல், குறுகிய உடல், நாள்முழுக்க ஒரு கையில் தூக்கிப் போகலாம். ஆனால் பிடிக்கும் விதம் கொஞ்சம் மாறினாலும் அடிபடும் இடம் மாறும். மணல்மூட்டையில் சும்மா வைத்துவிட்டு விசையை இழுத்தால் துவக்கு குதித்து வெடி மேலே போகும். இடது கையால் முன்பிடங்கைப் பிடித்துக் கீழே அமர்த்தி, தோளோடு இறுக்கிச் சுட வேண்டும். இருவர் மாறிமாறிச் சுடும் துவக்குக்கு இது பொருந்தாது. முதல் துவக்காக டிக்காவை எடுத்து, மிஞ்சும் காசில் ஸ்கோப்பையும் சப்பாத்தையும் நல்லதாக வாங்குவதே மேல்.

பிழை எங்கே வரும்

புதுத் துவக்கில் முதலில் செய்ய வேண்டியது: ஒரு நூறு ரூபாய்த் தாளை மடிக்காமல் குழலுக்கும் பிடங்குக்கும் நடுவில் விட்டு, குழலைச் சுற்றிப் பிடித்தபடி உடற்பகுதி வரை இழுத்துக்கொண்டு போங்கள். எங்கும் சிக்காமல் போக வேண்டும். அடுத்து ஒருவர் தோள்வாரைச் சுடும்போது இழுப்பதுபோல் இறுக்கி இழுக்க, மற்றவர் மறுபடி தாளை ஓட்டட்டும். பிளாஸ்டிக் பிடங்குகளில் இரண்டாவது சோதனையில்தான் தாள் சிக்கும். சிக்கும் இடத்தை மெல்லிய மணல்தாளால் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. இதைச் செய்யாதவர்கள்தான், மைதானத்தில் சரியாக அடித்த துவக்கு மலையில் ஒரு சாண் தள்ளி அடிக்கிறது என்று ஸ்கோப்பைக் குறை சொல்கிறார்கள்.

ஸ்கோப் வளையத் திருகுகளை அளவு காட்டும் திருகியால் 2 நியூற்றன் மீற்றருக்குள் இறுக்குங்கள். கைக்கணக்கில் இறுக்கினால் குழாய் நசுங்கும், அல்லது உதையில் ஸ்கோப் முன்னுக்கு நகரும். இலகு துவக்குக்குக் கண்தூரம் (கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி) 9 சென்ரிமீற்றராவது உள்ள ஸ்கோப் வேண்டும். படுத்தபடி மேட்டை நோக்கிச் சுடும்போது முகம் முன்னுக்குப் போய், புருவம் கிழிவது பெரும்பாலும் இந்த நிலையில்தான்.

மெல்லிய குழல் சூடேறினால் வளைந்து விலகும். மூன்று வெடி, பிறகு குழலைக் கையால் பிடிக்கக் கூடியதாகும்வரை பத்து நிமிடம் ஆற விடுங்கள். குழு (வெடிகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று) பார்ப்பதென்றால் குளிர்ந்த குழலின் முதல் வெடியை வெவ்வேறு நாளில் ஒரே தாளில் சேர்த்துப் பாருங்கள். விலங்குக்குப் போவது அந்த முதல் வெடிதான்.

சரிவில் மேலோ கீழோ சுடும்போது கிடைத்தூரத்துக்கே குறி வைக்க வேண்டும். 30 பாகைச் சரிவில் 300 மீற்றர் என்றால் சன்னத்துக்கு அது 260 மீற்றர்தான். கணக்குப் பார்க்காமல் 300க்கு உயர்த்தினால் முதுகுக்கு மேலால் போகும்.

கொழும்பில் இருந்தபடியே

ரைபிள் கையில் இல்லாவிட்டாலும் சுடப் பழகலாம். கழகங்களில் 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கி சுடுபவர்கள் செய்வதைத்தான் இலகு ரைபிளும் கேட்கிறது. காற்றுத் துப்பாக்கியின் சன்னம் மெதுவாகத்தான் குழலை விட்டுப் போகும். விசை விடுபட்ட பின்னும் குறியை அசையாமல் வைத்திருக்கக் கை அதனால் பழகும். படுத்தும் மேசையிலும் பழகியதோடு நிறுத்தாதீர்கள். குந்தியிருந்து, ஒரு முழங்காலில் நின்று, முதுகுப்பையின் மேல் வைத்து என்று பழகுங்கள். மாடிப்படி ஏறி இறங்கி மூச்சு வாங்கும்போது குறி எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தால், எத்தனை மீற்றருக்கு மேல் வெடி வைக்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

தோட்டாவை அங்கேயே வாங்குங்கள். விமானத்தில் ஒருவருக்கு 5 கிலோ என்ற எல்லையும் அதற்கான முன் அனுமதியும் தேவையில்லாத தலையிடி. ஒரே தொகுதி இலக்கமுள்ள பெட்டிகளில் 100 எடுத்தால் போதும். 20 சரிபார்க்க, 50 முழங்காலிலும் முதுகுப்பையிலும் வைத்துப் பழக, மிச்சம் மலைக்கு. சன்னத்தின் வகையோ எடையோ மாறினால் 100 மீற்றரிலேயே அடி 5 சென்ரிமீற்றருக்கு மேல் விலகலாம். ஆகையால் பாதியில் தீர்ந்து வேறு பெட்டி வாங்க நேர்ந்தால், அதில் ஆறு வெடியாவது சுட்டு ஸ்கோப்பைத் திருத்திய பின்னரே மலையேற வேண்டும்.